மூன்று கடலில் தோற்ற ஆமையண்ணை

ஒரே நாளில் மூன்று ஊர்க் கடலில் நீந்தி, மூன்றிலும் தோற்று, வென்றவனை விடச் சந்தோசமாக வீடு திரும்பிய மனிதர் உலகத்திலேயே எங்கள் ஆமையண்ணை ஒருவர்தான். அடித்துச் சொல்வேன். அவரை மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்கிய பாவி நான்.

நல்லூரில் எனக்குப் பக்கத்து வீடு. சைக்கிள் திருத்துவது தொழில். நீச்சலில் வேகம் கிடையாது, ஆனால் நிற்கவும் மாட்டார். அதனால்தான் அந்தப் பெயர். பிறந்தது மயிலிட்டி, சண்டையில் இடம்பெயர்ந்து இருந்தது பருத்தித்துறை, கலியாணம் கட்டியது வல்வெட்டித்துறை. ஒரு சித்திரைப் புத்தாண்டன்று மூன்று ஊரிலும் கடல் நீச்சல் போட்டி வைத்தார்கள். மனிதர் மூன்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டார்.

“உங்களுக்கென்ன விசரோ அண்ணை?”

“மயிலிட்டிதான் தம்பி எனக்கு வேணும். நான் கரையேறேக்கை ‘மயிலிட்டியைச் சேர்ந்தவர்’ எண்டு மைக்கிலை சொல்லவேணும். அதை என்ரை காதாலை கேக்கவேணும். மற்ற ரெண்டும் சும்மா. தோக்கிறதையெல்லாம் அங்கை தோத்து முடிச்சிட்டுப் போவம்.”

பருத்தித்துறையில் கடைசி. நடுக்கடலில் காவலுக்கு நின்ற வள்ளக்காரரிடம் சுகம் விசாரித்து, அவர்கள் நீட்டிய பிளேன்ரீயையும் குடித்துவிட்டு வந்தாராம். ஈரத்தோடு பின்னால் ஏறிக் குந்தினார். என் புத்தாண்டு வேட்டி நாசம்.

வல்வெட்டித்துறையில் கடைசிக்கு முதல். கடைசியாக வந்தவனுக்குக் காலில் பிடிப்பு. மச்சான்காரன் கரையில் நின்று கத்தினான். “அத்தான், மானத்தை வாங்காதேங்கோ!”

“மானம் கரையிலை கிடக்கட்டுமடா. நான் கடலுக்கை எல்லோ நிக்கிறன்!”

பின்னேரம் மயிலிட்டி. எல்லோரும் கரையேறித் தலை துவட்டிய பிறகு ஆமையண்ணை வந்தார். ஒலிபெருக்கி முழங்கியது. “நல்லூரிலிருந்து வருகை தந்த எமது விருந்தினருக்கு ஒரு கரகோஷம்!”

இடுப்பளவு தண்ணீரில் மனிதர் அப்படியே நின்றுவிட்டார்.

“ஆரடா விருந்தாளி? மாத்திச் சொல்லு. சொன்னாத்தான் கரையேறுவன்!”

மைக் பிடித்தவன், சண்டையில் ஊரே வெளியேறிய பிறகு எங்கோ பிறந்த பெடியன். “கோவிக்காதேங்கோ அண்ணை. உங்களை இஞ்சை ஒருத்தருக்கும் தெரியேல்லையே.”

உண்மைதான். தெரிந்தவர்கள் கனடாவில், லண்டனில், சுடலையில்.

ஆமையண்ணை தண்ணீரில் நின்றபடியே கையை நீட்டினார். “அப்ப கேள். இதாலை ஏறினா முதல் வீடு, வள்ளமும் வலையும் வைச்சிருந்த சம்மாட்டியார் வீடு. அடுத்தது கடிநாய் வீடு. நாயிலும் பாக்க அந்த மனிசி கூடக் குரைக்கும். அங்காலை அடுப்பிலை பாண் சுடுற வீடு…”

கரை விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்புக்கு நடுவே ஒரு பெண் எழுந்தாள். “ஐயோ, அது எங்கடை வீடு! குரைச்சது என்ரை அம்மா!” சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. அவ்வளவுதான், ஆளுக்காள் தண்ணீருக்குள் இறங்கிவிட்டார்கள். “எங்கடை வளவுக்கை என்ன மரம் நிண்டது அண்ணை?” “எங்கடை கிணறு எந்தப் பக்கம்?” சண்டை முடிந்து சனம் திரும்பி வந்தபோது கல்கூட மிஞ்சாத வீடுகளை அவரிடம் கேட்டுக்கேட்டு வாங்கினார்கள். இப்போது அவரைக் கரையேற விட ஒருவருக்கும் மனமில்லை.

கடைசியில் மைக் பெடியன் தொண்டையைச் செருமினான். “மயிலிட்டியைச் சேர்ந்த…”

“திருப்பிச் சொல்லு,” என்றார் ஆமையண்ணை. பெடியன் திருப்பிச் சொன்னான். பிறகுதான் குளிரில் நடுங்கிக்கொண்டு ஏறி வந்தார்.

அந்த வருடமே கடையைப் பூட்டிவிட்டு, மயிலிட்டியில் தன் காணியில் கொட்டில் போட்டுக் குடியேறினார். பக்கத்து வீட்டில் இப்போது வேறு ஆட்கள். நல்ல சனம்தான், ஆனால் ஆமையண்ணை இல்லையே. போன ஞாயிறு மனம் பொறுக்காமல் மயிலிட்டிக்குப் போனேன். அவரோடு கரைக்கு நடந்தபோது, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்து, “உவர் ஆர், விருந்தாளியோ?” என்று கேட்டார்.

ஆமையண்ணைக்கு வந்ததே கோபம். “விருந்தாளியோ? உவன் எங்கடை பெடியன்!”

தலை நரைத்த பெடியன் நான், கடலைப் பார்க்கிற சாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.