போல்ட்டண்ணன் போட்ட பாதை

போல்ட்டண்ணனைப் போல உயிருக்குப் பயந்த ஆள் கோயமுத்தூர் ஜில்லாவிலேயே கிடையாது. அந்தப் பயத்தோடுதான் ஞாயிறுதோறும் செங்குத்துப் பாறையில் ஏறுவார்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தார். நான் அங்கே வேலை செய்தேன்; ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஏறவும் போவேன். பாறையில் துளை போட்டு போல்ட் இறுக்குவார். ஏறுகிறவன் கயிற்றை அதில் மாட்டிக்கொண்டால், கை தவறினாலும் தொங்குவான். சாகமாட்டான். ஆளுயரத்துக்கு ஒன்று போதும். இவர் முழத்துக்கு ஒன்று அடிப்பார். சோத்துத் தூக்குப்போசி தொங்கவிடக்கூடத் தனியாக ஒன்று.

பிரான்சுக்காரர் ஒருவர் வந்து பார்த்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர்கள் ஊரிலும் இப்படித்தானாம். அப்புறம் ஓர் இங்கிலாந்துக்காரர் வந்தார். முகம் சுளித்தார். போல்ட்டை நம்பி ஏறுவது ஏமாற்று வேலையாம். ஆபத்து இருந்தால்தான் ஏற்றமாம். அவர் பேசியதை எங்களோடு ஏறும் சரவணன்தான் தமிழில் சொன்னான். எல்லா போல்ட்டையும் கழற்றிவிடலாமா என்றும் அந்த இங்கிலாந்துக்காரர் கேட்டார்.

அன்று அண்ணன் தாராபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். விருந்தாளியிடம் மூஞ்சிக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு வாய் வருமா? "ஆகட்டுங்க" என்றோம். மனுஷன் ஒன்று விடாமல் கழற்றிப்போட்டார். இளநீர் வேறு வெட்டிக் கொடுத்தோம்.

திங்கட்கிழமை பட்டறை அதிர்ந்தது.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் வாய் எதுக்குங்க? சோறு திங்க மட்டுமாங்க?" கோபம் வந்தால் அண்ணனுக்கு மரியாதை கூடிவிடும்.

"வந்த மனுசனுங்கண்ணா..." என்றேன்.

"ஆபத்து வேணும்னா அவர அவிநாசி ரோட்ட நடந்து தாண்டச் சொல்லுங்க! நம்மாளு ஹெல்மெட்ட கண்ணாடில மாட்டிட்டு, குடும்பத்தையே வண்டில ஏத்திட்டுப் போறான். அவனுக்கு இவரு வந்து ஆபத்து கத்துக்குடுக்கறாராக்கும்! அவிய ஊர்ல உழுந்தா ஹெலிகாப்டர் வருமுங்க. இங்க உழுந்தா ஃபோன எடுத்துப் படம் புடிப்பான்!"

எனக்கும் ஆத்திரம் வந்தது. யார் நாட்டுத் துணிச்சலுக்கு யார் முதுகெலும்பு முறிவது?

போல்ட்டைத் திரும்ப அடிக்க வேண்டுமென்றால், ஒருத்தன் போல்ட் இல்லாமல் மேலே போய்க் கயிறு கட்ட வேண்டும். உச்சிக்குப் பின்பக்கம் வழி கிடையாது. நான் போகிறேன் என்றேன்.

"நீங்க புள்ள குட்டிக்காரன். மூடிட்டு நில்லுங்க."

அடுத்த ஞாயிறு அவரே ஏறினார். கெண்டைக்கால் வெடவெடவென்று ஆடியது கீழிருந்தே தெரிந்தது. தவறினால் கல்லில்தான். இங்கிலாந்தில் தொடங்கி, என் மாமனார் ஊர்வரைக்கும் திட்டிக்கொண்டே போனார். உச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

மேலே கயிற்றைக் கட்டி, அதில் தொங்கியபடி முழத்துக்கு ஒன்றாக போல்ட் அடித்துக்கொண்டே இறங்கி வந்தார். நான் ஏறுவதற்கு இடுப்பில் கயிறு கட்டினேன். முடிச்சைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"என்னங்க இது, கோவணமா? அவுத்துக் கட்டுங்க."

அவிழ்த்துக் கட்டினேன். அவர் திட்டாத முடிச்சை நம்பி இன்றுவரை நான் பாறையில் கால் வைத்ததில்லை.