மாமாவின் ஜெபத்தில் என் புழுக்கள்

படித்தவர்கள் வாயைத் திறக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு: புகுந்த வீட்டுச் சாப்பாட்டு மேசை. நான் திறந்தேன்.

கல்யாணமாகி நாசரேத்துக்கு வந்த புதிது. மாமனாரின் உளுந்து வயலில் புழு விழுந்திருந்தது. வீட்டுக்கு அந்த வருஷத்து வருமானமே அந்த உளுந்துதான். முந்தின வருஷம் பூச்சிமருந்து அடித்தபோது மாமா மயங்கி வரப்பிலேயே விழுந்திருக்கிறார். (தண்ணீர் தெளித்து எழுப்பியதும், "செடி மேல விழலையே?" என்று கேட்டாராம்.)

"விஷமே வேண்டாம் மாமா. புழுவுக்கு மட்டும் நோய் குடுக்கிற வைரஸ் இருக்கு. ரெண்டே நாள்ல செத்துரும்" என்றேன்.

நான் படித்த ஆய்வுக்கூடத்தில் அந்த வைரஸுக்குள் தேள் விஷத்தின் மரபணுவைச் சேர்த்திருந்தோம். அது தாக்கிய புழு ரெண்டே நாளில் மரத்துப்போய்த் தின்பதை நிறுத்திவிடும். ஆனால் அதை வெளியே கொண்டுவர அனுமதி கிடையாது. கடையில் கிடைப்பது இயற்கையான வைரஸ். அது ஆற அமர, ஒரு வாரம் போலத் தின்னவிட்டுத்தான் கொல்லும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். என் வாய்க்குத்தான் தெரியவில்லை.

மாமா என்னை நம்பி, மருந்தடிக்க வரவிருந்த ஆளை வேண்டாமென்றுவிட்டார். வெயில் தாழ்ந்ததும் வைரஸைத் தெளித்தோம்.

அந்த வீட்டில் தினமும் விளக்கு போட்டதும் குடும்ப ஜெபம். மூன்றாம் நாள் மாமா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"கர்த்தாவே, மருமக ரெண்டு நாள்னு சொன்னா. ரெண்டு நாளும் முடிஞ்சிட்டு. புழு நல்லாத் திங்குது. நீரும் பாத்துக்கிட்டுத்தான இருக்கீரு."

"ஆமென்" என்றார் அத்தை, வழக்கத்தைவிடச் சத்தமாக. என் கணவருக்குத் தூத்துக்குடி ஹார்பரில் ஷிப்ட். (கொடுத்து வைத்த மனிதர்.)

மறுநாளும் அதே ஜெபம். இலையெல்லாம் சல்லடையாகிக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் முறை வந்தபோது, மாமாவிடம் நேரே சொல்லத் தைரியமில்லாமல் ஆண்டவரிடம் சொன்னேன்.

"ஆண்டவரே, வேகமாக் கொல்லுறது லேப்ல பூட்டிக் கெடக்கு. நான் அடிச்சது மெதுவாக் கொல்லுறது. பெருமைக்கு ரெண்டு நாள்னு சொல்லிட்டேன். மாமா வயித்துல அடிச்சிட்டேன்."

அதற்குமேல் அழுகைதான் வந்தது.

மாமா கண்ணைத் திறக்கவில்லை. "கர்த்தாவே, இத மருமக மொதல்லயே சொல்லியிருந்தா, நான் உம்மத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "ஏம்மா, அழாத. போய்ச் சாப்பிடு."

புழுக்கள் செடி நுனிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கிச் செத்தன, அவை செத்தாக வேண்டிய நாளில். உளுந்து பாதிதான் மிஞ்சியது. அதைப் பற்றி மாமா ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். அடுத்த வருஷமும் அவர் வைரஸ்தான் அடித்தார், புழு பொடிசாக இருக்கும்போதே. நாள் கணக்கை மட்டும் என்னிடம் கேட்கவில்லை.

அதே வருஷம் எனக்குப் பிரசவம். குறித்த தேதியிலேயே வலி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். மாமா என் தலையில் கைவைத்து ஜெபித்தார். அந்த ஜெபத்தை இன்று என் மகள் உட்பட வீட்டில் எல்லோரும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுகிறார்கள்:

"கர்த்தாவே, இந்தத் தேதியச் சொன்னது டாக்டரம்மா. எங்க மருமக இல்ல. அதனால தைரியமா நடத்தும்."