ஒரு திறப்பும் ரெண்டு ஓமும்

அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. ஹோல் கதவின்ர திறப்பைக் கொண்டுபோய்க் குடுக்கிறது.

லண்டன் மனோர் பார்க்கில எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன ஹோல் இருக்கு. சனிக்கிழமையில என்ர மனிசி ஜெயந்தி அங்க பிள்ளையளுக்குத் தமிழ் படிப்பிக்கிறவ. ஹோலைப் பாக்கிற ஆள் லீவில போனதால திறப்பு அண்டைக்கு இவவிட்ட. ஞாயிறு பின்னேரம் அதே ஹோலில எங்கட கட்சிக் கூட்டம்.

"இஞ்சருங்கோ, மத்தியானத்துக்கு முன்னம் திறப்பைச் சூசன் வீட்டில குடுத்திடுங்கோ. மறந்துகிறந்து போடாதேங்கோ!"

சூசன் எண்டது எங்கட கட்சிக் கிளையின்ர தலைவி.

"நான் மறப்பனே?" எண்டு கேட்டுக்கொண்டே ஜாக்கெற் பொக்கற்றுக்குள்ள போட்டன்.

மறந்தன்.

சும்மா மறக்கேல்லை. அண்டைக்கு என்ர மண்டைக்குள்ள வேறொரு சதித்திட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

இது 2009இல நடந்தது. அடுத்த வருஷம் கவுன்சில் எலெக்சன். எங்கட வட்டாரத்தில ஆரை நிப்பாட்டிறது எண்டு கட்சி மெம்பர்மார் வோட்டுப் போட்டு முடிவெடுக்கவேணும். எங்கட பக்கத்தில எங்கட கட்சி தோக்கிறேல்லை. அதால இந்தக் கூட்டத்தில வெல்லுற ஆள்தான் நாளைக்குக் கவுன்சிலர். ஊரில சண்டையை நிப்பாட்டச் சொல்லி அந்த வருஷம் எங்கட சனம் ரோட்டில நிண்டு கத்திக் களைச்ச வருஷம். எங்களில ஒராளாவது உள்ளுக்கு இருக்கவேணும் எண்டு எல்லாருக்கும் ஆசை. எனக்கும்தான்.

தேவைப்பட்டது ஒராள். வந்து நிண்டது ரெண்டு பேர்!

ஒண்டு, குணா அண்ணை. அப்டன் பார்க்கில பலசரக்குக் கடை வைச்சிருக்கிறார். நான் ஜெர்மனியிலயிருந்து குடும்பத்தோட லண்டனுக்கு வந்து இறங்கேக்க, நான் கதைச்ச இங்கிலீசில பாதி ஜெர்மன். அந்த வாயோட வந்த என்னைக் கடைக்கு மேல இருந்த அறையில இருத்தி, கையோட வேலையும் தந்தவர்.

மற்றது, மெற்றில்டா ரீச்சர். மன்னார் ஆள். சேர்ச்சில பாட்டுக்குழு நடத்திறவ. என்ர மகள் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க, டொக்டர் சொல்லுறது விளங்காமல் நான் முழுசிக்கொண்டு நிக்க, நாளாந்தம் பஸ் ஏறி வந்து பக்கத்தில இருந்து எல்லாம் விளங்கப்படுத்தினவ. செத்தாலும் அதை நான் மறக்கமாட்டன்.

குணா அண்ணை கடையில வைச்சுக் கேட்டார். "தம்பி, உன்ர வோட்டு எனக்குத்தானே?"

"ஓம் அண்ணை! இதெல்லாம் ஒரு கேள்வியே?"

ரீச்சர் ரெலிபோனில கேட்டா. "தம்பி, உம்மை நம்பி இருக்கலாந்தானே?"

"ஓம் ரீச்சர், கட்டாயம்!"

நல்லது செய்த ஆளின்ர முகத்தைப் பாத்து இல்லையெண்டு சொல்ல ஏலுமே? முகம் தெரியாத ரெலிபோனிலயும் ஏலாது எண்டதை அண்டைக்குத்தான் கண்டுபிடிச்சன்.

ஜெயந்தி தலையில கை வைச்சா. "ரெண்டு பேருக்கும் ஓம் எண்டிட்டியள். கடைசியில ஆருக்கப்பா போடப்போறியள்?"

"அதைத்தான் யோசிக்கிறன்."

யோசிச்சன், யோசிச்சன், அப்பிடி யோசிச்சன்! குணா அண்ணைக்குப் போடுவம் எண்டு முடிவெடுத்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணுக்குள்ள வரும். ரீச்சருக்கெண்டால் கடைக்கு மேல இருந்த அந்த அறை வரும். அவையின்ர நோட்டீசுகளையும் எடுத்து வாசிச்சன். குணா அண்ணை பார்க்கிங் பிரச்சினையைத் தீர்ப்பாராம். ரீச்சர் லைப்ரரியை மூடவிடமாட்டாவாம். ரெண்டும் நல்ல விசயம். ஒண்டாவது பிழையாய்க் கிடந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதி!

கடைசியில ஒரு வழி கிடைச்சுது. பேச்சுத் தொடங்கினாப் பிறகு வாற ஆள் வோட்டுப் போடேலாது எண்டு கட்சியில ஒரு விதி. அப்ப, பிந்திப் போனால்? "ஐயோ அண்ணை, பஸ் வரேல்லை!" "ஐயோ ரீச்சர், பஸ் வரேல்லை!" ஒரே பொய், ரெண்டு பேருக்கும் காணும்.

பிந்திப் போறது எனக்குப் புதுசோ? என்ர கலியாணத்துக்கே பிந்திப் போனவன் நான். ஐயர் ரெண்டு தரம் மணிக்கூட்டைப் பாத்தவர்.

ஆகவே ஞாயிறு காலமை போனை ஓஃப் பண்ணினன். "நண்டு வாங்கியாறன்" எண்டு ஜெயந்திக்குச் சொல்லிப்போட்டு அப்டன் பார்க்குக்கு பஸ் ஏறினன். வாழ்க்கையில முதல்தரமாய் ஏறின உடனை பஸ் வெளிக்கிட்டுது. அதுவே சகுனப்பிழை. எனக்குத்தான் விளங்கேல்லை.

கிறீன் ஸ்ட்ரீற்றில மேலயும் கீழயும் நடந்தன். வாங்காத சீலைக்கு விலை கேட்டன். கூட்டம் தொடங்குற நேரத்துக்கு மீன்கடைக்குள்ள போனால், அங்க பற்றிக் நிக்கிறான்! பெற்றோல் ஸ்ரேசனில வேலை செய்யிற என்ர கூட்டாளி. அவனும் கட்சி மெம்பர்.

"என்னடா, நீ கூட்டத்துக்குப் போகேல்லையே?" எண்டன்.

"தலையிடி மச்சான்." குனிஞ்சு மீனைப் பாத்தான். "நீ?"

"நண்டு வாங்க வந்தனான்."

"ம்."

"ம்."

தலையிடிக்கு மீன்கடைக்கு வாற ஆளை நான் அண்டைக்குத்தான் கண்டன். ஆனால் அவனை நான் துருவேல்லை, என்னை அவன் துருவேல்லை. நண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்து வாங்கினம். பக்கத்துக் கடையில தேத்தண்ணி குடிச்சம். ஆறுதலாய் இன்னொண்டும் குடிச்சம்.

"சரி, இப்ப எல்லாம் முடிஞ்சிருக்கும். ஒருக்கா எட்டிப்பாத்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போவமே?" எண்டான் பற்றிக். தலையிடி எங்க போச்சுதோ தெரியாது. அவன்ர காரிலயே மனோர் பார்க்குக்கு வந்தம்.

வந்து பாத்தால், முழுக் கட்சியும் ஹோலுக்கு வெளியில நிக்குது!

மழை தூறுது. ரீச்சரின்ர சின்னக் குடைக்குள்ள பாதி ரீச்சர், பாதி குணா அண்ணை. எதிர் எதிராய்ப் போட்டி போடுற ரெண்டு பேரும் ஒரு குடைக்குள்ள நடுங்கிக்கொண்டு நிக்கினம்.

"டேய் தம்பி!" குணா அண்ணை கத்தினார். "உன்னைத்தான்டா பாத்துக்கொண்டு நிக்கிறம்! எத்தினை தரம் போன் அடிச்சனாங்கள்!"

என்னையோ? என்ர ஒரு வோட்டுக்கு இவ்வளவு மதிப்போ? ஒரு கணம் பெருமையாய்க்கூட இருந்தது.

சூசன் கிட்ட வந்தா. குளிரில மூக்கு தக்காளிப்பழம்.

"த கீ?" எண்டா.

கை தானாய் ஜாக்கெற் பொக்கற்றுக்குள்ள போனது. ஐயோ!

நான் திட்டம் போட்டுப் பிந்திப் போன ஒரேயொரு கூட்டம், நான் வருமட்டும் தொடங்காமல் மழைக்குள்ள காத்துக்கொண்டு நிண்டிருக்கு. நானே கதவைத் திறந்துவிட்டன். உள்ளுக்குப் போகேக்க வெள்ளைக்காரர் ஒவ்வொருத்தராய் எனக்கு "தாங்க்யூ" வேற சொல்லிச்சினம்.

பேச்சுத் தொடங்கிச்சுது. குணா அண்ணை நல்லாய்ப் பேசினார். ரீச்சர் இன்னும் நல்லாய்ப் பேசினா. நான் நண்டுப் பையைக் கொண்டுபோய் ரேடியேட்டருக்குப் பக்கத்தில வைச்சிட்டன் எண்டதைக் கொஞ்சம் பிந்தித்தான் கவனிச்சன். எல்லாரும் மூக்கைச் சுருக்க, நானும் சுருக்கினன்.

மூண்டாவதாயும் ஒராள் நிண்டவர். சொல்ல மறந்திட்டன், அவரை எல்லாரும் மறந்துதான் இருந்தம். பேர் டெனிஸ். பென்சன் எடுத்த தபால்காரர். ரெண்டு பேர் மட்டும் நிண்டால் வடிவில்லை எண்டு சூசன் கெஞ்சி நிப்பாட்டின ஆள்.

டெனிஸ் எழும்பினார். "இவை ரெண்டு பேரும் நல்ல ஆக்கள். ஆர் வெண்டாலும் எனக்குச் சந்தோஷம். இஞ்ச மீன் மணக்குது, ஜன்னலைத் திறக்கலாமோ?" எண்டிட்டு இருந்திட்டார்.

வோட்டுத் துண்டு கைக்கு வந்தது. மூண்டு பேர். முன் வரிசையிலயிருந்து குணா அண்ணை திரும்பிப் பாத்துத் தலையாட்டினார். ரீச்சர் சிரிச்சா. எனக்கு வேர்த்துது.

அப்பதான் அந்த யோசினை வந்தது. டெனிஸ்! பாவம் மனிசன், ஒரு வோட்டும் விழாது. நான் ஒண்டு போட்டால் அந்தாளுக்கும் ஒரு மரியாதை. குணா அண்ணைக்கும் துரோகமில்லை, ரீச்சருக்கும் துரோகமில்லை. என்ர கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு டெனிசுக்குப் புள்ளடி போட்டன்.

மனசு லேசாய்ப் போச்சுது. பற்றிக்கைப் பாத்தன். அவன்ர முகமும் லேசாய்த்தான் இருந்தது.

சூசன் எண்ணினா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சா. திரும்ப எண்ணினா.

"குணா, மூண்டு. மெற்றில்டா, மூண்டு." டெனிசை ஒருக்காப் பாத்தா. "டெனிஸ், மிச்சம் எல்லாம்."



"என்ன?" எண்டார் டெனிஸ். "நான் சும்மாதானே நிண்டனான்! நாங்கள் கடற்கரைப் பக்கம் குடிபோகப்போறம்!"

நான் சுத்திவரப் பாத்தன். எங்கட ஆக்கள் எல்லாரும் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருக்கினம். குணா அண்ணையின்ர கடையில கொஞ்ச நாளாவது வேலை செய்யாத ஆள் அதுக்குள்ள ஆர்? ரீச்சர் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கூட்டிக்கொண்டு போகாத ஆள் ஆர்? அத்தினை பேரும் ரெண்டு ஓம் சொன்ன ஆக்கள். அத்தினை பேருக்கும் அதே கெட்டித்தனம் வந்திருக்கு!

உண்மையைச் சொன்னால், வெக்கமாய்க் கிடந்தது. எங்களில ஒராள் உள்ளுக்குப் போகவேணும் எண்டு ஆசைப்பட்ட நாங்களே, ரெண்டு பேரையும் வெளியில நிப்பாட்டிப்போட்டம்.

குணா அண்ணை வந்து என்ர கையைப் பிடிச்சார். கண் கலங்கியிருந்தது. "தம்பி, விழுந்தது மூண்டு. ஒண்டு நான், ஒண்டு மனிசி. மற்றது நீ எண்டு எனக்குத் தெரியும்."

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தன்.

"ஓம் அண்ணை" எண்டு வந்தது.

வாசலில ரீச்சர் மறிச்சா. "ஒண்டு நான். ஒண்டு எங்கட வீட்டுக்காரர். அந்த மற்றது நீர்தானே தம்பி?"

"ஓம் ரீச்சர்."

வீட்டை வந்து ஜெயந்திக்கு எல்லாத்தையும் சொன்னன். நண்டு கழுவிக்கொண்டு நிண்டவ, ஒண்டைத் தூக்கிக் காட்டினா. "இதுகூட ஏதோ ஒரு பக்கமாய்த்தானப்பா போகும். நீங்கள் அதுவுமில்லை!"

அண்டைக்கே தீர்மானிச்சன். இனி ஆர் என்ன கேட்டாலும் நேராய் முகத்தைப் பாத்து ஏலாது எண்டு சொல்லுறது. அந்தக் கிழமை முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால நிண்டு "நோ" சொல்லிப் பழகினன். வடிவாய் வந்தது.

அடுத்த ஞாயிறு கதவு மணி அடிச்சுது. திறந்தால் டெனிஸ்! தோளில பழைய தபால் பை. பை நிறைய நோட்டீஸ். பின்னால சோவெண்டு மழை.

"கடற்கரைக்குப் போறதை விட்டிட்டம். ஆர் எனக்கு உதவி செய்வினம் எண்டு குணாவிட்டக் கேட்டன், ரீச்சரிட்டயும் கேட்டன்," எண்டார். "ரெண்டு பேரும் உங்கட பேரைத்தான் சொல்லிச்சினம். சொன்ன சொல் மாறாத ஆளாம். இந்த ரோட்டு முழுக்க ஒவ்வொரு வீடாய்ப் போட்டுத் தருவீங்களோ?"

குசினி வாசலில ஜெயந்தி கையைக் கட்டிக்கொண்டு நிண்டு என்னையே பாத்தா.

நான் நெஞ்சை நிமித்தி, டெனிசின்ர முகத்தை நேராய்ப் பாத்தன்.

"யெஸ்," எண்டன்.