பிளாஸ்திரி அண்ணாச்சி

ஊரெல்லாம் காயத்துக்குப் பிளாஸ்திரி போடும். கம்ப்யூட்டருக்குப் பிளாஸ்திரி போட்டவர் உலகத்திலேயே எங்கள் பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் மார்க்கெட் பக்கம் இண்டர்நெட் கடை வைத்திருந்தார். இண்டர்நெட்டைத் திறந்து காட்ட இரண்டு பிரவுசர் உண்டாம். ஒன்றுக்குக் கப்பல் சக்கரம் படம், இன்னொன்றுக்கு நீல எழுத்து. எனக்கு எழுத்தும் தெரியாது, கப்பலும் தெரியாது. நிறத்தை வைத்துத்தான் சொல்கிறேன். ஊரே நீலத்துக்கு மாறியபோதும் அவர் சக்கரத்தை விடவில்லை. எல்லாத் திரையிலும் நீலப் படத்தின் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்.

"பெட்டி வாங்கும்போதே கேக்காம உள்ள வந்து உக்காந்திருக்கான், தங்கச்சி. அழைக்காமலே முதப் பந்தியில உக்காருதவனை நம்பலாமா?"

ஒருவர் எழுந்து போனதும், அவர் பார்த்த தடத்தையெல்லாம் அழித்துவிட்டுத்தான் அடுத்தவரை உட்கார வைப்பார். ஒருநாள் ஒரு வாத்தியார் வந்து, "எம் மவ இங்கன என்னத்த பாத்தா?" என்று அதட்டினார்.

"எச்சி எலைய எடுத்தாச்சு வே. என்ன சாப்பிட்டான்னு மவள்ட்டயே கேளும்."

துபாயிலிருந்து என் மகன் அனுப்பும் ஈமெயிலை அவர்தான் வாசித்துக் காட்டுவார். அடுத்தவர் சேதியைக் கேட்பது பாவம் என்று தன் காதில் பஞ்சை அடைத்துக்கொள்வார். தன் குரல் தனக்கே கேட்காததால் தொண்டை கிழியக் கத்துவார். மகனுக்கு மூலம் என்ற ரகசியம் அல்வாக் கடை வரை போனது அப்படித்தான்.

பிறகு அவனுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று சேதி வந்தது. பிழைத்தானா என்று தெரியாமல் கடைக்கு ஓடினேன். சக்கரத்தில் பக்கம் வெள்ளையாகவே நின்றது.

"ஈமெயில் கம்பெனிக்காரனுவ புதுசா மாத்திட்டானுவ. நீலத்துலதான் தொறக்குமாம்."

"எதிர்க்கடைக்குப் போய்க்கிடுதேன் அண்ணாச்சி."

"அங்கன கண்டவனும் ஒங்க மவன் சேதியப் படிப்பான். இரிங்க."

பைய நகத்தால் பிளாஸ்திரியைச் சுரண்டினார். லேசில் வரவில்லை. கடைசியில் திறந்து வாசித்தார்: "நல்லா இருக்கேம்மா. கஞ்சி குடிக்கேன்."

நான் அழுதேன். கடையிலிருந்த பையன்களோ, "எங்களுக்கும் நீலத்தைத் தொறந்துவிடுங்க அண்ணாச்சி" என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் திறந்துவிட்டவர் அவர்களுக்காகவும் ஒவ்வொரு திரையாகச் சுரண்டினார். கொஞ்ச நாளில் கடை முழுக்க நீலம். அவருக்குத் தொழிலே வெறுத்து, கடையை விற்றுவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார்.

அந்த ஈமெயிலை வாசித்து இரண்டு நாள் கழித்து மகனே ஃபோன் பண்ணினான்; நான் கொஞ்சம் பொறுத்திருந்தால் பிளாஸ்திரியைப் பிரிக்கவே வேண்டியிருந்திருக்காது. அதற்குள் எனக்காக அந்த மனுஷன் தோற்றிருந்தார். மகனுக்காகச் சாமி கும்பிடும்போதெல்லாம் அவருக்கும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.