இருவாச்சிக்கு நான் செய்த அலங்காரம்

சிலருக்குக் கை சும்மா இருக்காது. என் கை அந்த ரகம். கோணலாகத் தொங்கும் காலண்டரைக் கண்டால், அது அடுத்த வீட்டுக் காலண்டராக இருந்தாலும், நேராக்கிவிட்டுத்தான் உட்காருவேன். (எத்தனை பேச்சு வாங்கியும் திருந்தவில்லை.) இந்தக் கையை வைத்துக்கொண்டு, அறுபதுகளின் தொடக்கத்தில், கொடைக்கானல் பஜாரில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சப் வேலைக்குச் சேர்ந்தேன்.

டச்சப் என்றால், நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் பொட்டுப் பொட்டாகத் தீட்டுவது. தீட்டிய இடம் படத்தில் வெளுத்துவிடும். அம்மைத் தழும்பு, மரு, பரு எல்லாம் போயே போச்சு. பிறகு படத்தின் மேல் பிரஷ்ஷால் கண்ணுக்கு மை. ஒரு மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை நேரில் பார்த்துவிட்டு, "போட்டோவுல இருக்கிற பொண்ணு எங்கே?" என்று கேட்டார்களாம். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் கோமதி டீச்சர் கடைக்குள் வந்தார். பின்னாலேயே கொஞ்சம் மூடுபனியும் வந்தது. பழனியில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தவரின் மகள். இங்கே பெண்கள் பள்ளியில் வேலை. கையில் பள்ளிக்கூடத்துப் பாக்ஸ் கேமராவின் பிலிம் சுருள்.

"அடுக்கம் போற பாதையில, அத்தி மரத்துல இருந்துச்சுங்க. இருவாச்சி! ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாங்க. காக்காயப் பாத்திருப்பேன்னு சிரிக்கிறாங்க."

"அப்படிங்களா டீச்சர்."

"எங்க கண்காட்சிக்கு மதுரையிலேருந்து பறவையெல்லாம் தெரிஞ்ச பெரியவர் ஒருத்தர் வர்றார். அவர் படத்தப் பாத்து ஆமான்னுட்டா, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பெரிய டீச்சர் சொல்லியிருக்காங்க. இல்லேன்னா காட்டுப் பேச்சையே எடுக்கக் கூடாதாம்."

அதற்குப் பிறகு அந்தப் பறவை எப்படி இருக்கும் என்று கால் மணி நேரம் விளக்கினார். நானோ அவர் தலைமுடியில் மணி மணியாய் நின்ற பனித்துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பறக்கும்போது ரயில் எஞ்சின் மூச்சு விடுகிற மாதிரி றெக்கைச் சத்தம் கேட்கும் என்பது மட்டும் காதில் விழுந்தது. "பெரிசா போட்டுக் குடுங்க, அது போதும்" என்று கடைசியில் சொன்னாராம். அது எனக்கு ஏறவே இல்லை.

இருட்டறையின் சிவப்பு விளக்கில், தட்டுத் தண்ணீருக்குள் அந்தப் படம் மெல்ல எழும்பி வந்தது. முதலில் வெறும் வெள்ளை. பிறகு மூடுபனி. பிறகு ஒரு கிளை. கிளையில் கருப்பாக ஏதோ ஒன்று, பறவையா பலாப்பழமா என்று தெரியாதபடி. பார்த்துக்கொண்டே நின்றேன். பஜார் சத்தமெல்லாம் அடங்கிப்போய், கோமதி டீச்சருக்குப் பின்னால் ஈர இலைகளின் மேல் நான் நடந்துகொண்டிருந்தேன். எங்கே போகிறோம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"ஏலே மாணிக்கம்! உள்ள தூங்கிட்டியா?" என்று முதலாளி பாய் கதவைத் தட்டினார்.

விழித்துக்கொண்ட கை உடனே பென்சிலைத் தேடியது. உற்றுப் பார்த்தால் நல்ல பெரிய மூக்குதான், ஆனால் அதன் மேல் ஒரு புடைப்பு. பாவம், மரு! நெகட்டிவில் பக்குவமாகத் தீட்டினேன். மரு பனியோடு பனியாகப் போய்விட்டது. மறுபடி பிரிண்ட் போட்டு, மூக்கைக் கூராக்கி, கண்ணுக்கு மை எழுதி, சின்னதாக ஒரு புருவமும் வைத்தேன்.

பாய் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏலே, இது பறவையா, கல்யாணப் பொண்ணா?"

"எதுக்கும் ஒரு களை வேணும்ல, பாய்."

கண்காட்சியன்று காலையில் படத்தைக் காகிதத்தில் சுற்றி நானே எடுத்துப் போனேன். மதுரைப் பெரியவர் அதற்குள் வந்து நின்றதால், கோமதி டீச்சர் எல்லார் முன்னாலும்தான் காகிதத்தைப் பிரித்தார். அவர் முகம் வெளுத்துப்போனது. அதற்கு என் பென்சில் தேவைப்படவில்லை.

பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். "அம்மா, இருவாச்சின்னா மூக்கு மேல இன்னொரு மூக்கு மாதிரி புடைப்பு இருக்கணும். இதுல இல்லையே. அது போக, இது கண்ணுக்கு மை போட்டிருக்கு."

கூடமே சிரித்தது. "நான்தான் அப்பவே சொன்னேனே, கோமதி" என்றார் பெரிய டீச்சர்.

கோமதி டீச்சரின் கண்ணில் நீர் முட்டியது. எனக்கு அந்த நிமிடம் செத்துப்போனால் தேவலை என்று இருந்தது.

"இருந்துச்சுங்க!" என்று கத்தினேன். "நான்தான் எடுத்துட்டேன். மருன்னு நெனச்சு அழிச்சுட்டேங்க!"

"மருவா?" கோமதி டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பறவைக்கு மரு வருமாய்யா?"

"வராதுங்களா டீச்சர்?"

இரண்டாவது சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரியது. நான் நிற்கவில்லை. கடைக்கு ஓடி, பஞ்சில் டர்பன்டைன் தொட்டு என் பென்சில் வேலையைத் துடைத்து, புதிதாகப் பிரிண்ட் போட்டு, சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு வெரசா திரும்பினேன். அதே மூடுபனி, அதே கிளை, மூக்கின் மேல் மங்கலாக அந்தப் புடைப்பு.

பெரியவர் வெகு நேரம் பார்த்தார். "இருக்கலாம். மொட்டைக் கிளையாவும் இருக்கலாம். இத வச்சு சத்தியம் பண்ண முடியாதும்மா. நேர்ல போய்த்தான் பாக்கணும்."

கோமதி டீச்சர் அந்தக் கடைசி வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "கேட்டீங்களா டீச்சர்? நேர்ல போய்த்தான் பாக்கணுமாம்!"

பெரிய டீச்சரால் மறுக்க முடியவில்லை. "சரி, போங்க. சோத்து மூட்டையத் தூக்க இந்த ஆளையும் கூட்டிட்டுப் போங்க. கையில வேற சோலி இருந்தாத்தான் பென்சில எடுக்க மாட்டான்."

இரண்டு வருஷம் சனிக்கிழமைதோறும் புளியோதரை மூட்டையோடு அவர்கள் பின்னால் நடந்தேன். (பாய்தான் பாவம், அன்றைக்கெல்லாம் தனியாகக் கடையைப் பார்த்துக்கொண்டார்.) இருவாச்சியை ஒருநாளும் பார்க்கவில்லை. ஒரே ஒருமுறை, பனி கண்ணை மறைத்த ஒரு காலையில், தலைக்கு மேலே ரயில் எஞ்சின் மூச்சு விட்டுக்கொண்டு போனது. பிள்ளைகள் அத்தனை பேரும் அண்ணாந்து நின்றார்கள். கோமதி என் மணிக்கட்டைப் பிடித்தாள். சத்தம் பள்ளத்தாக்கில் இறங்கிக் கரைந்த பிறகும் விடவில்லை. (வழுக்கிவிடுமோ என்று பிடித்தாளாம். இருக்கட்டும்.)

பழனியில் எங்கள் கல்யாணம் நடந்தது. படம் எடுத்தவர் பாய். அந்த வாரம் பார்த்து என் மூக்கின் மேல் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. யாருக்கும் தெரியாமல் நெகட்டிவை எடுத்துவைத்துப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். கோமதி வந்து இரண்டையும் பிடுங்கிக்கொண்டாள். "தொட்டீங்க, நடக்கிறதே வேற" என்றாள்.

அந்தப் படம் இன்றும் கூடத்தில், கட்டியோடு, எல்லார் கண்ணிலும் படும்படி தொங்குகிறது. பக்கத்தில் நிற்கிற இந்த ஒல்லி ஆள் யார் என்று பேரப்பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் அவள் சொல்வது ஒன்றுதான்:

"மூக்கப் பாருங்க. மூக்கு மேல அது இருந்தா உங்க தாத்தா. இல்லேன்னா வேற எவனோ."