நூற்றுக்கு மேல் போன ஆண்பிள்ளைகள்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்கள் நலமென்பதை ஜன்னல் வழியாக நானே பார்த்துவிட்டதால் விசாரிக்கவில்லை. உங்கள் ஊர் வரை வந்தும் வீட்டுக்கு வராமல் திரும்பிவிட்டேனென்று தங்கை அழுதாளாம். காரணம் நீங்கள்தான்.

என் மகன் பள்ளிப் படிப்போடு சரி, கல்லூரி வேண்டாம், லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போகிறேன் என்கிறான். உங்கள் நாடும் எங்கள் நாடும் இரண்டுமே கைக்குட்டை அளவுதான். இங்கே கல்லூரிக்குப் போகும் ஆண்கள் நூற்றுக்கு நாற்பது, உங்கள் நாட்டிலோ நூற்று மூன்று என்று நீங்கள் விசேஷத்துக்கு விசேஷம் என்னைக் குத்திக்காட்டுவதை அவனிடம் அப்படியே சொன்னேன். அவன் நிதானமாக, "நூறு பேர்ல நூறு பேரும் போயிட்டாங்க சரி. மிச்ச மூணு பேரு எங்கேருந்துப்பா வந்தாங்க?" என்றான். என் மனைவி சிரித்தாள். நான் வாத்தியாராக இருக்கும் பள்ளியில் என்னை ஓரங்கட்டிவிட்டு நேற்று வந்தவனைத் தலைமையாசிரியராக்கிய நாளில்கூட என் முகத்துக்கு நேரே யாரும் சிரித்ததில்லை. உங்கள் புளுகை உடைத்தே தீருவதென்று எல்லை தாண்டி உங்கள் கல்லூரிக்கே வந்தேன்.

நீங்கள் கண்காணிப்பாளராக இருக்கும் அலுவலகத்தில் உங்களைக் காணோம். வகுப்பறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால், சீருடையோடு ஒரு பேருந்து ஓட்டுநர், அவர் பக்கத்தில் அவரைப்போலவே மூக்குள்ள மகன், இருவருக்கும் ஒரே புத்தகம். வயது பாராமல் படிக்கிற ஆண்களையெல்லாம் எண்ணி, கல்லூரி வயதுப் பையன்களின் தொகையோடு ஒப்பிட்டால் நூறைத் தாண்டாமல் என்ன செய்யும்? மோசடியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட பூரிப்பில் கடைசி வரிசையைப் பார்த்தேன். நீங்கள்.

கல்யாணப் பத்திரிகையில் போட்ட பட்டத்துக்கு இப்போதுதான் படிக்கிறீர்களா மாப்பிள்ளை?

நிலா ஏன் எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்று, உங்கள் மகள் வயதிருக்கும் ஆசிரியை கேட்டார். முதலில் கை தூக்கியது நீங்கள். ஏதோ உளறினீர்கள். "இல்லண்ணா, உக்காருங்க. நாளைக்குப் படிச்சிட்டு வந்து சொல்லுங்க" என்றார் அவர். ஒருவரும் சிரிக்கவில்லை. நீங்களும் வெட்கப்படாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டீர்கள். மலையும் கடலும் பார்த்தவன் நான். உங்கள் வழுக்கைத் தலையைப் பார்த்து மலைத்து நின்றது அன்றைக்குத்தான். எங்கள் நாட்டில் பதினெட்டில் விட்டால் விட்டதுதான். அங்கே கதவைச் சாத்தவே மறந்துவிட்டார்களா?

வீட்டுக்கு வந்ததும் மகனிடம், "லிஃப்ட் வேலைக்கே போ. தோணுறப்ப படிச்சுக்கோ" என்றேன். எனக்குக் காய்ச்சலா என்று அம்மாவிடம் போய்க் கேட்கிறான்.

இருந்தாலும் அந்தப் பத்திரிகையை நான் மன்னிக்கப் போவதில்லை. இனி உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன். தங்கைக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் பரீட்சையில் தேறவும் சேர்த்தே ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பி.கு.: நிலா விஷயம் எனக்கும் தெரியவில்லை; அன்றிலிருந்து உறுத்துகிறது. உங்கள் வகுப்பிலேயே எனக்கு இடம் கிடைத்துவிட்டது. மாடி அறையை ஒழித்து வைக்கவும். பக்கத்து நாற்காலியையும் பிடித்து வைக்கவும். இனி நூற்று மூன்று என்று பீற்றும்போது, அதில் ஒருவன் எங்கள் நாட்டுக்காரன் என்பதையும் சேர்த்துச் சொல்லவும்.