அடியில்லாக் கிண்ணம்

மெஷினில் மாட்டிய மரக்கட்டை சுற்றத் தொடங்கியதும் அலமாரிப் பாத்திரங்கள் எல்லாம் பல்லைக் கடித்தன. சர்வேயர் சட்டென்று சுவிட்சை அணைத்துவிட்டுத் தரைப்பக்கம் காது கொடுத்தார். கீழ்வீட்டில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றுபோயிருந்தது.

"போச்சு" என்றார், காலி அறையைப் பார்த்து.

ஊரார் நிலத்தையெல்லாம் அங்குலம் பிசகாமல் அளந்து கொடுத்து ஓய்வுபெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. அதற்கப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்க அவருக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. வெளியூரில் இருக்கும் மகள்தான் இந்தச் சின்னக் கடைசல் மெஷினை அனுப்பி, "எனக்கு ஒரு மரக்கிண்ணம் கடைஞ்சு குடுங்கப்பா" என்றாள். பெற்ற பிள்ளை கேட்டதைத் தட்ட மனம் வரவில்லை.

மறுநாள் படிக்கட்டில் கீழ்வீட்டுத் தையல்காரம்மா நின்றிருந்தார்.

"எட்டு மணிக்கே ஆரம்பிச்சிடறீங்களே சார்."

"மரம் கடையறேம்மா. இனிமே கொஞ்சம் தாமதமாவே ஆரம்பிக்கிறேன்."

சொன்னபடி மறுநாள் பதினோரு மணிக்குத் தொடங்கினார். சாயந்திரம் மறுபடியும் படிக்கட்டு.

"இன்னைக்குப் பதினொண்ணு ஆயிடுச்சு போல."

அந்தக் குரலில் இருந்த குத்தல் சர்வேயருக்கு நன்றாகப் புரிந்தது. பாவம், பகலில் கண்ணயர்கிற நேரம் போலிருக்கிறது.

மேஜையோடு முடுக்கியிருந்த போல்டுகளைக் கழற்றி, மெஷினுக்கு அடியில் கம்பளியை நாலாக மடித்துப் போட்டார். சத்தம் பாதியானது. ஆனால் மெஷினுக்குக் கால் முளைத்துவிட்டது. அது நகர, இவர் துரத்த, உளிமுனை மரத்தில் வசமாகக் கவ்வியது. கட்டை திருகாணிகளைப் பிய்த்துக்கொண்டு பறந்து, சுவர்க் கடிகாரத்தை வீழ்த்திவிட்டுக் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. கடிகாரம் மூன்று பத்தோடு நின்றது. நேரம் பார்த்து ஆகவேண்டிய காரியம் எதுவும் இல்லாததால் அவர் அதை நிமிர்த்தக்கூட இல்லை.

மகள் போனில் கேட்டாள். "கிண்ணம் வடிவத்துக்கு வந்துச்சாப்பா?"

"அது வரத்தான் பாக்குது. நான்தான் வழி விடமாட்டேங்கறேன்."

இனிப் பறக்கக்கூடாது என்று நீளத் திருகாணிகளாகப் பார்த்து வாங்கி, கட்டையின் முதுகில் ஆழமாக இறக்கி, மெஷினின் சுழலும் தட்டில் பூட்டினார். இந்த முறை கட்டை அசையவில்லை. வெளிப்பக்கம் உருண்டு திரண்டு வந்தது. உள்ளே குடைந்தபோது மரச்சுருள்கள் முழங்கைவரை பொழிந்தன. எட்டு மாதத்தில் முதல்முறையாகப் பசி எடுத்தது. இன்னும் ஒரு நூல் ஆழம், இன்னும் ஒரு நூல் ஆழம் என்று குடைந்துகொண்டே போனார்.

கிறீச்சென்று உளி இரும்பில் உரசியது. திருகாணியின் நுனிகள் அடிமரத்துக்குள்ளே காத்திருந்தன. உளி துள்ளிய துள்ளலில் அடிப்பாகம் தட்டோடு தங்கிவிட, மீதி வளையமாகக் கழன்று அவர் கைக்கு வந்தது.

வளையலாகப் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்ளத்தான் வீட்டில் ஆளில்லை.

அவர் மெஷினின் மேல் போர்வையைப் போர்த்திவிட்டுப் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். ஒரு நாள் போனது. இன்னொரு நாளும் போனது. மகளின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. எடுத்தால் கிண்ணத்தைப் பற்றிக் கேட்பாள்.

மூன்றாம் நாள் காலை கதவு உடைகிற மாதிரி இடிபட்டது. திறந்தால், தையல்காரம்மாவும் பின்னால் கடப்பாரையோடு குடியிருப்பின் காவல்காரரும் நின்றார்கள். சண்டைதான் என்று சர்வேயர் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. மெஷினை மூடி வச்சுட்டேன். இனிமே ஒரு சத்தமும் கீழ வராது."

தையல்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இருக்கறதுலயே அதிகமா சத்தம் போடற சாமானா பாத்து அப்பாவுக்கு வாங்கி அனுப்பும்மான்னு உங்க பொண்ணுகிட்ட சொன்னதே நான்தான் சார், சத்தம் கேட்டாத்தானே மேல ஆள் இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்?"